ஒரு நாள் பயணம்: ரயிலா, கப்பலா? திரும்பும் வழியைப் பார்த்து முடிவெடுங்கள்

காலையில் கிளம்பிப் பக்கத்து நகரம் ஒன்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ராத்திரி நம் படுக்கையிலேயே வந்து படுப்பது. ஒரு நாள் பயணம் என்றால் அவ்வளவுதான். பெட்டி கட்ட வேண்டாம், அறை தேட வேண்டாம், கூடுதலாக லீவு போடவும் வேண்டாம். ஆனால் இந்தச் சின்னப் பயணத்தில்தான் கணக்கு தப்பினால் சரிசெய்ய இடமே இருக்காது. ஒரு வாரம் தங்கும் பயணத்தில் மூன்று மணி நேரம் வீணானால் மறுநாள் ஈடுகட்டிக்கொள்ளலாம். ஒரு நாள் பயணத்தில் மூன்று மணி நேரம் போனால் பாதிப் பயணம் போச்சு.

போக வேண்டிய ஊருக்கு ரயிலும் இருக்கிறது, கப்பலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அல்லது ரயிலில் போகக்கூடிய ஊர் ஒன்று, கப்பலில் போகக்கூடிய ஊர் ஒன்று, இரண்டில் எது என்று முடிவெடுக்க வேண்டும். "எது சீக்கிரம் போகும்?" என்றுதான் பெரும்பாலும் முதலில் கேட்கிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அந்தக் கேள்வி எனக்கு மூன்றாவதாகத்தான் வருகிறது. முதல் கேள்வி, திரும்பி வரக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு? இரண்டாவது, அதற்கு முந்தையது எத்தனை மணிக்கு? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் ரயிலா கப்பலா என்பது முக்கால்வாசி தானாகவே முடிவாகிவிடும்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு காட்சி. ஒரு துறைமுகத்தில் மாலை நேரம், கப்பலின் மேல்தளத்தில் நின்றுகொண்டிருந்தேன். கீழே படகுத்துறையின் கண்ணாடிக் கட்டடத்துக்கு ஒரு குடும்பம் ஓடி வந்தது. அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், சின்னவளுக்கு ஒரு செருப்பு கையில். கப்பல் அவர்கள் கண்ணெதிரே நிற்கிறது. கயிறுகூட அவிழ்க்கவில்லை. ஆனால் கதவு சாத்தியாகிவிட்டது. உள்ளே நின்ற ஊழியர் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டித் தலையசைத்தார். "நிற்கிறதே, இன்னும் நிற்கிறதே!" என்று அந்த அப்பா கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தார். பத்து நிமிடம் நின்றது. அதன் பிறகுதான் தடித்த கயிறுகளை முளையிலிருந்து தூக்கித் தண்ணீரில் போட்டார்கள், பின்பக்கச் சாய்தளம் நீர் சொட்டச் சொட்ட மேலே மடிந்தது, கரைக்கும் கப்பலுக்கும் நடுவே ஒரு முழம் தண்ணீர் தெரிந்தது. அன்றைய கடைசிக் கப்பல் அது.

அந்த ஊழியரைக் குறை சொல்ல முடியாது. பயணிகள் கப்பல் புறப்படும் முன் அதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணி முடித்திருக்க வேண்டும் என்பது சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதி. எண்ணி முடித்த பிறகு ஒரு ஆளை ஏற்றினாலும் கணக்கு தப்பும். அதனால்தான் கப்பலில் புறப்படும் நேரம் என்பது நமக்கான நேரம் இல்லை. ஏறும் வாசல் மூடும் நேரம்தான் நமக்கான நேரம். அது இருபது நிமிடம் முன்பாகவும் இருக்கலாம், பெரிய கப்பலுக்கு அரை மணிக்கும் முன்பாக இருக்கலாம். ரயிலில், அதுவும் முன்பதிவில்லாத சாதாரண ரயிலில், கடைசி நிமிடத்தில் படியேறி ஓடிவந்து ஏறுகிறவர்களை எந்த ஸ்டேஷனிலும் பார்க்கலாம். தவறினாலும் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அடுத்ததைப் பிடிக்கலாம்.

ரயிலின் பெரிய பலம் இதுதான் என்பேன். வேகம்கூட அதற்கு அப்புறம்தான். ஒரு ரயில் போனால் இன்னொரு ரயில். சுவிட்சர்லாந்தில் 1982-இல் நாடு முழுவதும் ஓர் ஏற்பாடு கொண்டுவந்தார்கள்: ஒரு ஊரிலிருந்து ரயில் ஒரு மணியின் எந்த நிமிடத்தில் கிளம்புகிறதோ, ஒவ்வொரு மணியிலும் அதே நிமிடத்தில் கிளம்பும். 2:04-க்கு ஒன்று என்றால் 3:04-க்கும் ஒன்று, 4:04-க்கும் ஒன்று. பிறகு ஐரோப்பாவின் பல நாடுகளில் இந்த முறை பரவியது. ஒரு நாள் பயணம் போகிறவருக்கு இதைவிடப் பெரிய உபகாரம் இல்லை. டைம்டேபிளைக் கையில் வைத்துக்கொண்டு அலைய வேண்டாம். "நாலு நிமிஷம்" என்று ஒரே ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும். அருங்காட்சியகம் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கலாம். மழை பிடித்துக்கொண்டால் ஒரு மணி முன்னதாகவே கிளம்பலாம். அன்றைய நாள் எப்படிப் போகிறதோ அதற்கேற்பத் திட்டத்தை வளைக்கலாம்.

கப்பலில் அப்படி வளைக்க முடிவது அபூர்வம். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்றுதான் பல வழிகளில் ஓடும். சீசன் முடிந்தால் அதுவும் குறையும்.

அடுத்து நேரக் கணக்கு. இணையத்தில் தேடினால் வருவது கரையிலிருந்து கரைக்கு ஆகும் நேரம், ஸ்டேஷனிலிருந்து ஸ்டேஷனுக்கு ஆகும் நேரம். நமக்கு வேண்டியது வீட்டு வாசலிலிருந்து அந்த ஊரின் நடுத்தெரு வரை ஆகும் நேரம். பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து எஸ்தோனியாவின் தாலினுக்குப் போவதை எடுத்துக்கொள்ளுங்கள். இடையில் 80 கிலோமீட்டர் கடல். கப்பலில் இரண்டு மணி நேரம். ரயில் பாதை கிடையாது. கேட்கும்போது "இரண்டு மணிதானே" என்று தோன்றும். ஆனால் துறைமுகத்துக்குப் போக ஒரு அரை மணி, வாசல் மூடுவதற்கு முன் வந்து காத்திருக்க முக்கால் மணி, அந்தப் பக்கம் இறங்கி வரிசையில் வெளியே வந்து பழைய நகரத்துக்கு நடக்க அரை மணி. ஆக, ஒரு வழிக்கு மூன்றே முக்கால் மணி நேரம். போகவர ஏழரை. காலை ஏழு மணிக்குக் கிளம்பி இரவு பத்துக்குத் திரும்பினால் கையில் கிடைப்பது ஏழரை மணி நேரம்.

இது மோசமான கணக்கு இல்லை. தாலினின் பழைய நகரம் துறைமுகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருப்பதால்தான் இவ்வளவாவது தேறுகிறது. நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்று உண்டு. போகவர ஆகும் மொத்த நேரத்துக்குக் குறையாமல் அந்த ஊரில் கால் பதிக்கும் நேரம் இருக்க வேண்டும். குறைந்தால் அந்த ஊருக்கு ஒரு ராத்திரியாவது தங்குவது போல் போய்விடுவது நல்லது. தாலின் சரியாக அந்தக் கோட்டில் நிற்கிறது.

ரயிலிலும் இப்படிப் பதுங்கியிருக்கும் நேரம் உண்டு, குறிப்பாக எல்லை தாண்டும்போது. லண்டனிலிருந்து பாரிஸுக்குக் கடலடிச் சுரங்கம் வழியாகப் போகும் ரயில் ஏறக்குறைய இரண்டே கால் மணி நேரத்தில் போய்விடும். 1994-இல் திறந்த அந்தச் சுரங்கத்தின் நீளம் 50 கிலோமீட்டர், அதில் 38 கிலோமீட்டர் கடலுக்கு அடியில். ஆனால் இந்த ரயிலில் மற்ற ரயில்போல ஓடிப்போய் ஏற முடியாது. ஏறும் ஸ்டேஷனிலேயே இரண்டு நாட்டுப் பாஸ்போர்ட் சோதனையும் பைச் சோதனையும் முடியும். புறப்படுவதற்கு அரை மணி முன்பே வாசல் மூடிவிடும். கூடவே பாரிஸ் கடிகாரம் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். காலை எட்டு மணிக்கு ஏறினால் இறங்கும்போது அங்கே பதினொன்றே கால் தாண்டியிருக்கும். திரும்பும்போது அந்த ஒரு மணி நமக்குத் திரும்பக் கிடைக்கிறது, ஆனால் ராத்திரியில் கிடைக்கும் ஒரு மணியை வைத்துக்கொண்டு என்ன பார்ப்பது? நடைமுறையில் இதைக் கப்பல் கணக்கில் சேர்ப்பதே சரி. தண்டவாளத்தில் ஓடுகிறது என்பதற்காக ரயில் தரும் சுதந்திரத்தை எதிர்பார்க்கக் கூடாது.

எல்லை என்றதும் இதைச் சொல்லாமல் போக முடியாது. ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவில் ஒரு நாட்டில் இருந்துகொண்டு, "பக்கத்து நாடுதானே, சாயங்காலம் வந்துவிடலாம்" என்று கிளம்பிவிடாதீர்கள். எல்லையில் வெளியேறியதாகப் பதிவான நிமிடமே அந்த விசா தீர்ந்தது. ஸ்பெயினுக்கு ஒற்றை நுழைவு விசாவில் போனவர் ஒரு மணி நேரக் கப்பலில் மொராக்கோவுக்குப் போய்விட்டால் திரும்பி வர வழி இல்லை. டிக்கெட் விற்கும் இடத்தில் போகும்போது இதை யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹாங்காங்கிலிருந்து மக்காவ் போவது போல, நாடு ஒன்றானாலும் குடியேற்றச் சோதனை தனித்தனியாக இருக்கும் இடங்களும் உண்டு. கப்பலில் ஒரு மணி நேரம்தான், ஆனால் இரண்டு பக்கமும் வரிசை. விடுமுறை நாளில் அந்த வரிசை கடலைவிட நீளமாகத் தோன்றும்.

அந்த மொராக்கோ கப்பலையே இன்னொரு விஷயத்துக்கும் உதாரணமாகச் சொல்லலாம். தென் ஸ்பெயினில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துறைமுகங்கள், தாரிஃபா, அல்ஜெசிராஸ். இரண்டிலிருந்தும் மொராக்கோவின் டாஞ்சியர் நகரத்துக்குக் கப்பல் என்று எழுதியிருக்கும். தாரிஃபாவில் ஏறினால் டாஞ்சியர் நகரத் துறைமுகத்தில், பழைய நகரத்தின் காலடியிலேயே இறங்கலாம். அல்ஜெசிராஸில் ஏறினால் இறங்குவது டாஞ்சியர் மெட் என்ற புதிய துறைமுகத்தில். அங்கிருந்து நகரம் 40 கிலோமீட்டர். சரக்கு லாரிகளுக்கு அது வசதி. ஒரு நாள் பயணிக்கு, போகவர 80 கிலோமீட்டர் ரோட்டுப் பயணம் கூடுதல். உலகம் முழுக்க இப்படித்தான் நடக்கிறது. பெரிய கப்பல்கள் வரத் தொடங்கியதும் துறைமுகங்கள் ஊரைவிட்டு வெளியே நகர்ந்துவிட்டன, பெயர் மட்டும் ஊர்ப்பெயராகவே இருக்கிறது. ரயில் நிலையங்கள் பெரும்பாலும் பழைய இடத்திலேயே, ஊரின் நடுவிலேயே இருக்கின்றன. டிக்கெட் வாங்கும் முன் வரைபடத்தில் துறைமுகத்தின் மேல் விரலை வைத்துப் பாருங்கள், ஊர்ப்பெயரின் மேல் வேண்டாம்.

இனிக் காற்று. கப்பலைப் பற்றிப் பேசிக்கொண்டு காற்றைப் பற்றிப் பேசாவிட்டால் பேச்சு முழுமையாகாது. தாரிஃபாவுக்கும் டாஞ்சியருக்கும் நடுவே உள்ள நீரிணை மிகக் குறுகிய இடத்தில் வெறும் 14 கிலோமீட்டர். அக்கரை கண்ணுக்குத் தெரியும். ஆனாலும் கிழக்கிலிருந்து லெவாந்தே என்ற காற்று பலமாக வீசினால் தாரிஃபாவின் வேகக் கப்பல்கள் நின்றுவிடும். வெயில் அடிக்கும், வானம் நீலமாக இருக்கும், மழைத்துளி இருக்காது, கப்பலும் இருக்காது. முதல்முறை போகிறவர்களுக்கு இது நம்பவே முடியாததாக இருக்கும். கப்பலை நிறுத்துவது மழை இல்லை, அலை. வானிலைப் பக்கத்தில் மழைப் படத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போவதில் அர்த்தமில்லை. காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் பார்க்க வேண்டும். கடல் வானிலையில் வேகத்தை நாட் என்று சொல்வார்கள். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர். காற்று 34 நாட் வேகத்தைத் தொட்டால் அது புயல்காற்று அளவு. அதற்கு வெகு முன்பே சின்ன வேகப் படகுகள் நின்றுவிடுவதுண்டு.

இங்கே ஒரு வேடிக்கையான தலைகீழ் இருக்கிறது. ஒரே வழியில் வேகப் படகும் பெரிய மெதுவான கப்பலும் ஓடினால், நாம் எல்லோரும் வேகப் படகைத்தான் எடுப்போம். இத்தாலியின் நேப்பிள்ஸிலிருந்து காப்ரி தீவுக்கு வேகப் படகில் முக்கால் மணி சொச்சம், கார் ஏற்றும் கப்பலில் ஒன்றேகால் மணிக்கு மேல். ஆனால் கடல் கொந்தளிக்க ஆரம்பித்தால் முதலில் நிற்பது வேகப் படகு. கனமான கப்பல் இன்னும் கொஞ்ச நேரம் ஓடும். அதனால் காற்று எழும் என்று முன்னறிவிப்பு இருக்கும் நாளில், குறிப்பாகத் திரும்பும் வழிக்கு, மெதுவான கப்பலே பத்திரம். குமட்டல் வருகிறவர்களுக்கும் அதுதான் தோது. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. தொடுவானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தால் தலைசுற்றல் அடங்கும். மாத்திரை போடுவதானால் ஏறுவதற்கு முன்பே போட வேண்டும். ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டுப் பெரிய பயன் இல்லை.

கப்பல் ரத்தானால் என்ன கிடைக்கும்? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. கப்பல் ரத்தானாலோ புறப்பட 90 நிமிடத்துக்கு மேல் தாமதமானாலோ பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அல்லது வேறு வழியில் அனுப்பக் கேட்கலாம். இரவு தங்க வேண்டி வந்தால் இடமும் ஏற்பாடு செய்ய வேண்டும். ஆனால் பாதுகாப்பாகக் கப்பல் ஓட்ட முடியாத அளவு வானிலை மோசமானால் அந்தத் தங்கும் ஏற்பாட்டுக் கடமை கிடையாது. அக்கரையில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் வானிலையால்தானே! ஆக, கப்பல் பயணத்துக்குக் கிளம்பும்போது ஒரு ராத்திரியை அக்கரையில் கழிக்க நேர்ந்தால் சமாளிக்கப் பணமும், தினமும் சாப்பிடும் மருந்தும், போன் சார்ஜரும் பையில் இருக்க வேண்டும். மறுநாள் காலையில் தேர்வோ, நேர்முகமோ, விமானமோ இருந்தால் அன்று கப்பல் வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ரயிலுக்கும் சொந்தக் குறைகள் உண்டு. பாதைப் பராமரிப்பு வேலையைக் கூட்டம் குறைந்த நாளில் வைத்துக்கொள்வது வழக்கம். அது பெரும்பாலும் வார இறுதி. நாம் ஊர் சுற்றக் கிளம்புவதும் அதே வார இறுதி. ஒன்றரை மணி நேர ரயிலுக்குப் பதில் பாதி வழியில் இறக்கிப் பஸ்ஸில் ஏற்றுவார்கள், இரண்டரை மணியாகிவிடும். அதனால் ஒரு மாதம் முன்பு பார்த்த டைம்டேபிளை நம்பாமல், போகும் வாரத்தில் அதே தேதியைப் போட்டு இன்னொருமுறை பார்த்துவிட வேண்டும். ஐரோப்பாவில் டைம்டேபிள் வருடா வருடம் டிசம்பர் நடுவில் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அச்சடித்த அட்டவணையில் எண்ணுக்குப் பக்கத்தில் பொடியாக இருக்கும் குறிகளைக் கவனிக்க எனக்கு நெடுநாள் ஆனது. ஐரோப்பிய அட்டவணைகளில் குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல் இருந்தால் அது வேலை நாளில் மட்டும் ஓடும் வண்டி. சிலுவைக்குறி இருந்தால் ஞாயிறும் பொது விடுமுறையும். ராத்திரி 9:40-க்கு ஒரு ரயில் இருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டேஷனில் போய்ப் பார்த்தால் எண்ணின் ஓரத்தில் அந்தச் சுத்தியல். அன்றைக்குக் கடைசி ரயில் ஒரு மணி முன்பே போய்விட்டிருந்தது. அட்டவணையின் மேல் குற்றமில்லை. நான் எண்ணை மட்டும் படித்தேன், குறியைப் படிக்கவில்லை.

டிக்கெட்டிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பக்கத்து ஊர்களுக்கு ஓடும் சாதாரண ரயிலின் டிக்கெட் பெரும்பாலும் அன்றைய எந்த ரயிலுக்கும் செல்லும். அதிவேக ரயிலில் மலிவு டிக்கெட் வாங்கினால் அந்த ஒரு வண்டிக்குத்தான் செல்லும், தவறினால் புது டிக்கெட். அப்படிக் கட்டிப்போடும் டிக்கெட்டைப் போகும் வழிக்கு வாங்குங்கள். காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவோம் என்பது நமக்குத் தெரியும். திரும்பும் வழிக்குக் கொஞ்சம் கூடுதல் கொடுத்தாவது எந்த வண்டியிலும் ஏறக்கூடிய டிக்கெட் வாங்குவதே நிம்மதி.

இதையெல்லாம் படித்தால் ரயிலுக்கே வாக்களிக்கச் சொல்கிறேன் என்று தோன்றலாம். நேரக் கணக்கில் மட்டும் பார்த்தால் ஆமாம். ஆனால் ஒரு கடற்கரை நகரத்துக்குக் கடல் வழியாகப் போய்ச் சேர்வதற்கு ஈடு எதுவும் இல்லை என்பதை அதே மூச்சில் சொல்ல வேண்டும். பல துறைமுக நகரங்கள் கடலிலிருந்து வருகிறவர் பார்க்க வேண்டும் என்றே முகத்தைத் திருப்பிக் கட்டப்பட்டவை. தாலினை நெருங்கும்போது முதலில் தெரிவது செயின்ட் ஓலாஃப் தேவாலயத்தின் கோபுரம். 124 மீட்டர் உயரம். நூற்றாண்டுகளாக மாலுமிகள் அதைப் பார்த்துத்தான் கரையைக் கண்டுபிடித்தார்கள். கப்பல் தளத்தில் நின்று, ஊசி போல ஒன்று தொடுவானத்தில் முளைத்து, மெல்லப் பருத்து, அதன் காலடியில் ஒரு நகரம் விரிவதைப் பார்ப்பது அந்தப் பயணத்தின் பாதி. ரயிலில் போனால் ஒரு ஊரின் பின்புறம்தான் முதலில் தெரியும், கிடங்குகள், துணி காயும் மாடிகள், அப்புறம் பிளாட்பாரம். அதுவும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அது வேறு.

குழந்தைகளோடு போகிறவர்கள் இதை யோசிக்கலாம். கப்பலில் ஓட இடம் இருக்கிறது, படியேறி இறங்க இடம் இருக்கிறது, காற்று முகத்தில் அடிக்கிறது. இரண்டு மணி நேர ரயிலில் ஒரே இருக்கையில் ஐந்து வயதுப் பிள்ளையை உட்கார வைப்பது பெரியவர்களுக்குத்தான் தண்டனை. வயதானவர்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் என்றால் ஒரு விஷயம் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும். கடல் ஏற்ற இறக்கம் அதிகமுள்ள இடங்களில் கப்பலில் ஏறும் பாலத்தின் சரிவு நேரத்துக்கு நேரம் மாறும். காலையில் சமமாக இருந்தது மாலையில் செங்குத்தாக இருக்கலாம்.

ஏற்ற இறக்கம் சில இடங்களில் பார்க்கப்போகும் காட்சியையே மாற்றிவிடும். ஜப்பானில் ஹிரோஷிமாவிலிருந்து மியாஜிமா தீவுக்கு ரயிலில் அரை மணிக்கும் குறைவு, இறங்கிக் கொஞ்சம் நடந்து படகில் பத்து நிமிடம். அங்கே இட்சுகுஷிமா கோவிலின் பெரிய சிவப்புத் தோரணம் கடலில் நிற்கிறது. நீர் ஏறியிருக்கும்போது போனால் தோரணம் மிதப்பது போல இருக்கும். நீர் வடிந்திருக்கும்போது போனால் ஈர மணலில் நடந்து அதன் காலையே தொடலாம். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஆறு மணி நேர இடைவெளி. இங்கே முதலில் பார்க்க வேண்டியது ஓத அட்டவணை, அதாவது கடல்நீர் எப்போது ஏறும், எப்போது வடியும் என்று சொல்லும் பட்டியல். அதற்கேற்பப் படகு, படகுக்கேற்ப ரயில். நேரமிருந்தால் இரண்டையும் பார்த்துவிட்டே திரும்பலாம். இது போன்ற சின்னப் படகு, கண்ணுக்கெட்டும் தூரம், அடிக்கடி ஓடுகிறது என்றால் நான் மேலே சொன்ன பயமெல்லாம் பெரிதாக வேண்டாம். இப்படிப் படகை ரயிலின் நீட்சியாகவே கணக்கிடலாம்.

அப்படியானால் என் பரிந்துரை என்ன? முடிந்த இடத்தில் இரண்டையும் எடுங்கள். போவது கப்பலில், வருவது ரயிலில். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. தெளிந்த வானிலையில் காலை நேரக் கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும். கப்பல் ரத்தானாலும் காலையில் ரத்தானால் நாம் இன்னும் நம் ஊரில்தான் இருப்போம், அப்படியே ரயிலுக்குப் போய்விடலாம். மாலையில் கால் வலிக்கும்போது, எத்தனை மணிக்குக் கிளம்புவோம் என்று தெரியாதபோது, மணிக்கு மணி ஓடும் ரயில் கைகொடுக்கும்.

இதற்கு ஏற்ற இடம் ஒன்றைச் சொல்கிறேன். டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் நடுவே ஓரேசுண்ட் என்ற நீரிணை. அதைக் கடக்க இரண்டு வழி. தெற்கே கோபன்ஹேகனையும் மால்மோவையும் இணைக்கும் பாலம், 2000-இல் திறந்தது. ஏறக்குறைய 8 கிலோமீட்டர் பாலம், கடலில் கொட்டி உருவாக்கிய ஒரு தீவு, பிறகு 4 கிலோமீட்டர் சுரங்கம். பாலத்தின் மேல்தளத்தில் கார்கள் ஓடும், அதற்கு அடியிலுள்ள தளத்தில் ரயில் ஓடும். வடக்கே நீரிணை 4 கிலோமீட்டராகக் குறுகும் இடத்தில் டென்மார்க்கின் ஹெல்சிங்கருக்கும் சுவீடனின் ஹெல்சிங்போர்க்குக்கும் நடுவே இருபது நிமிடக் கப்பல், நாள் முழுக்க வந்து போய்க்கொண்டே இருக்கும். 2018-இலிருந்து அதில் இரண்டு கப்பல்கள் பேட்டரியில் ஓடுகின்றன.

கோபன்ஹேகனில் காலையில் ரயில் ஏறினால் முக்கால் மணியில் ஹெல்சிங்கர். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே கப்பல், முனையில் குரோன்போர்க் கோட்டை. கோட்டையைப் பார்த்துவிட்டுக் கப்பல் ஏறுங்கள். தளத்துக்குப் போய்ப் பின்பக்கமாக நில்லுங்கள், கோட்டையின் பச்சைக் கூரை மெல்லப் பின்வாங்குவது அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். அக்கரையில் ஹெல்சிங்போர்க்கிலும் ஸ்டேஷன் துறையை ஒட்டியே இருக்கிறது. மால்மோவுக்கு இன்னொரு முக்கால் மணி, மால்மோவிலிருந்து பாலம் வழியாகக் கோபன்ஹேகனுக்கு நாற்பது நிமிடம். வண்டியில் உட்காரும் நேரம் மொத்தமே இரண்டரை மணி, இரண்டு நாடுகள், ஒரே வட்டம், வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. நாடு மாறுவதால் பாஸ்போர்ட் மட்டும் பையில் இருக்கட்டும். மூன்று ஊரையும் பார்க்க ஆசைப்பட்டு ஓட வேண்டாம். கோட்டைக்குக் காலையையும், மால்மோவுக்கு மாலையையும் கொடுத்துவிட்டு ஹெல்சிங்போர்க்கை ஒரு காபியோடு கடந்துவிடுங்கள். மால்மோவில் இருட்டும் வரை இருக்கலாம். பாலத்தின் மேல் வரும் ரயில் இரவு வெகுநேரம் வரை ஓடுகிறது. இரும்புச் சட்டங்களுக்கு நடுவே தூரத்துக் கப்பல் விளக்குகள் விட்டுவிட்டுத் தெரியும். இடது பக்கமோ வலது பக்கமோ, ஜன்னலோரம் கிடைத்தால் உட்காருங்கள்.